பின்சீட்டு

எழிலன் 'நம்ம வண்டி' என்று சொன்னால் அது அவனுடைய வண்டி இல்லை. ராயபுரத்தில் கன்டெய்னர் கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கும் பொன்ராஜ் சாருடைய வெள்ளை எஸ்யூவி. எழிலன் அதற்கு டிரைவர், அவ்வளவுதான். அவனுக்குச் சொந்தமாகவும் ஒரு வண்டி இருக்கத்தான் செய்தது. யாரோ ஓட்டித் தேய்த்து, அலுத்துப்போய்க் கைமாற்றிவிட்ட சிவப்பு நிறச் சின்னக் கார். எர்ணாவூர் குடியிருப்பில் அவன் பிளாக்குக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். அதை 'அந்த டப்பா' என்பான். சம்பளம் கொடுக்கிறவர் வண்டி நம்ம வண்டி, சொந்த வண்டி அந்த டப்பா. டிரைவர்கள் பலருக்கும் இருக்கிற வியாதிதான் இது. எழிலனுக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

நம்ம வண்டியின் புகழ் பாட ஆரம்பித்தால் அவன் வாயை மூடுவது கஷ்டம். பின்சீட்டில் காலை நீட்டலாம், தலை தட்டாது, பின்னால் உட்காருகிறவருக்குத் தனியாக ஏசி வரும், எவ்வளவு பெரிய பள்ளமானாலும் வண்டி அப்படியே முழுங்கிவிடும்.

"அதுல குந்திக்கினு போனா ரோட்ல போறோமா வூட்ல கீறோமான்னே தெரியாது, மாமு" என்று மாடிவீட்டு பிலாலிடம் அவன் சொல்லாத வாரம் கிடையாது.

பிலால் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒருநாள் திருப்பிக் கேட்டான்.

"நீ பின்னாடி குந்திக்கினு போய்கிறியா?"

"நான் எதுக்குடா பின்னாடி குந்தறேன்? நான் டிரைவர்டா."

அது உண்மை. ஆறு வருஷமாகத் தினமும் அந்தப் பின்சீட்டைத் துடைத்திருக்கிறான், தூசி தட்டியிருக்கிறான், சார் முதுகுக்கு வைக்கும் டவலை மாற்றியிருக்கிறான். ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. காத்திருக்கிற நேரத்தில் தூக்கம் வந்தால்கூட முன்சீட்டைச் சாய்த்துப் படுப்பானே தவிரப் பின்னால் போக மாட்டான். யாரும் கூடாது என்று சொன்னதில்லை. அது தன் இடம் இல்லை என்று அவனே வைத்துக்கொண்ட வழக்கம்.

பின்சீட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் தொங்கும் கண்ணாடியில் தெரிந்த பொன்ராஜ் சார்தான். இடதுபக்கம் உட்கார்ந்து, கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி வருவார். திருவொற்றியூரில் வீட்டு வாசலில் ஏறிப் பிடித்தால் ராயபுரம் ஆபீஸில் இறங்கும்போதுதான் கையை எடுப்பார். பெரிய மனுஷன் உட்காருகிற கெத்தே தனி என்று எழிலன் நினைத்துக்கொள்வான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அடிக்கடி "மெதுவா, எழிலா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க சார், நம்ம வண்டி" என்று இவன் பதில் சொல்வான். போகப் போக அவர் சொல்வதை விட்டுவிட்டார். தன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று எழிலனுக்குப் பெருமை.

இப்படி இருக்கும்போதுதான் அவனுடைய அம்மா கெங்கம்மா விழுந்தாள். தண்ணி லாரி வந்த காலையில், நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்த கையோடு ஈர சிமெண்டில் சறுக்கினாள். குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பிளாஸ்டிக். இடுப்பு எலும்புதான் போனது. ராயபுரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் செய்து, மூட்டுக்குள் உலோகத்தில் ஒரு உருண்டையை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்ன டாக்டரம்மா, எழிலனைத் தனியாக நிறுத்திவைத்துச் சில விஷயம் சொன்னார்.

"உட்காரும்போது முட்டி இடுப்பை விட உயரப் போகக் கூடாது. குலுக்கக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது. இன்னும் தசை எதுவும் இறுகலை. மூட்டு நழுவிடுச்சுன்னா மறுபடியும் தியேட்டருக்குத்தான் வரணும்."

அம்மாவுக்குச் சர்க்கரை உடம்பு. முதல் ஆபரேஷனுக்கே மயக்க மருந்து கொடுக்கிறவர் உதட்டைப் பிதுக்கினார். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு உள்ளே போகும்போது அம்மா எழிலன் விரலைப் பிடித்திருந்தாள், நர்ஸ்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது. அதை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை, அந்தக் கடலோர ரோட்டில், கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட பள்ளங்களைத் தாண்டி அம்மாவை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் சொல்லலாமா என்று கேட்டதற்குக் கெங்கம்மா கட்டிலில் படுத்தபடியே கையை உதறினாள்.

"ஆம்புலன்ஸ்ல வந்து எறங்கினா நம்ம பிளாக்கே மாலை வாங்க ஓடும்டா. எனுக்கு வாணாம். நம்ம வண்டிய எட்தா."

மகனிடமிருந்து அந்த வியாதி அவளுக்கும் தொற்றியிருந்தது. பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், பெருக்க வருகிற பெண் எல்லோரிடமும் "எம்புள்ள வண்டி எட்னு வருவான், பஸ்ஸு கணக்கா இருக்கும்" என்று ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டாள்.

புதன்கிழமை ஆபீஸில் எழிலன் சாரிடம் கேட்டான். பொன்ராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவர், பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை.

"இதுக்கு என்ன கேள்வி? நாளைக்குச் சாயந்தரமே எடுத்துட்டுப் போயிரு. சனிக்கிழமை வந்தாப் போதும். நான் ஆட்டோவுல போய்க்கிடுதேன்" என்றார். பிறகு, "அம்மாவ எங்க உட்கார வைக்கப் போற?" என்று கேட்டார்.

"உங்க சீட்லதான் சார். அதான் நல்லா வசதியா இருக்கும்."

பொன்ராஜ் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியில் கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தார். முகம் சுருங்கியது.

"பின்சீட்லயா?"

"ஆமா சார்."

என்னவோ சொல்ல வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார். "சரி. பார்த்து" என்றார்.

அந்த 'பின்சீட்லயா'வும் அந்த 'பார்த்து'வும் எழிலன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தன. ஆறு வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. தன் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறார். கடைசியில் இவ்வளவுதானா என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி சங்கமித்ராவிடம் கொட்டித் தீர்த்தான்.

"எங்கம்மா அவுரு சீட்ல குந்தக்கூடாதாம்மே. காசிமேட்ல இறால் உரிச்ச ஒடம்பு பட்டா, அவுரு சீட்டு நாஸ்தியா பூடும்போல."

"அப்டியா சொன்னாரு?"

"வாயால சொல்லல. மூஞ்சி சொல்ச்சி. சீட்ட பார்த்துக்கோன்றாரு."

"மூஞ்சிய பார்த்து நீயே வசனம் எயுதிக்காத" என்றாள் சங்கமித்ரா. அவள் துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரு தையல் லைனுக்கே சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சின்னக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டவள். "எனுக்கு இன்னா தோணுதுன்னா, அத்தைய நம்ம சின்ன வண்டிலயே கூட்டியாரலாம்."

"அந்த டப்பாலயா? கால நீட்ட முடியாது, கைய மடக்க முடியாது. எங்கம்மாவ சுருட்டி வெச்சுதான் எட்னு வரணும்."

"பெருசுல பின்னாடி எப்டி கீதுன்னு உனுக்குத் தெரியுமா?"

எல்லோரும் இதையே கேட்கிறார்களே என்று எழிலனுக்கு எரிச்சல் வந்தது. "ஒனுக்குத் தெரியுமா?" என்று திருப்பினான்.

"எனுக்கும் தெரியாது. அதான் சொல்றேன், பார்த்துடலாம். அத்தைய வுழவெச்ச குடம் அங்கதான கீது? அதையே குந்த வெச்சி ஓட்டிப் பாரு. எதுல தண்ணி கம்மியா சிந்துதோ அதுல அத்த வரட்டும்."

அந்தக் குடியிருப்பில் தண்ணீரைச் சிந்துவது என்றால் விளையாட்டில்லை. தண்ணி லாரி வராத வாரத்தில் சிந்திய தண்ணீருக்காகச் சண்டை வந்து போலீஸ் வரைக்கும் போயிருக்கிறது. ஒருவர் நடை எப்படி என்பதைக்கூட அங்கே பெண்கள் குடம் சிந்துகிற அழகில்தான் சொல்வார்கள். எழிலனும் ஒத்துக்கொண்டான்.

வியாழன் சாயந்தரம் வெள்ளை வண்டி பிளாக்குக்குக் கீழே வந்து நின்றது. அதைத் தொட்டுப் பார்க்க ஒரு கூட்டம் கூடிக் கலைந்தது. எழிலன், பொன்ராஜ் சாருடைய சீட் முழுவதும் பிளாஸ்டிக் தாள் விரித்து, முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பச்சைக் குடத்தை வாய்வரை நிரப்பிப் பின்சீட்டில் வலதுபக்கம் வைத்தான். சங்கமித்ரா அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டாள். பிலால் ஸ்டியரிங்கைப் பிடித்தான், அவள் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். எழிலன் பின்கதவைத் திறந்து நின்றான். ஆறு வருஷமாக அடுத்தவருக்குத் திறந்துவிட்ட கதவு. யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சார் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான்.

இடம் இருந்தது, அதில் பொய் இல்லை. காலை நீட்டினால் முன்சீட் தட்டவில்லை. தலைக்கு மேல் இன்னொரு தலை வைக்கலாம். ஏசி முகத்தில் அடித்தது. "பார்த்தியா?" என்று சங்கமித்ராவிடம் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் முதல் வேகத்தடை வந்துவிட்டது.

முன்சக்கரம் ஏறி இறங்கியது தெரியவே இல்லை. பின்சக்கரம் இறங்கும்போது அவன் சீட்டிலிருந்து எழும்பிப் போய்த் திரும்பி வந்தான். கடலோர ரோட்டில் லாரிகள் உழுத இடம் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. வண்டி இந்தப் பக்கம் சாய்ந்தால் இவன் குடத்தின் மேல் போனான், அந்தப் பக்கம் சாய்ந்தால் கதவில் போய் மோதினான். தோல் சீட் வழுக்கியது. முட்டுக்கொடுக்கப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இவன் இத்தனை நாள் பீற்றிக்கொண்ட அந்தத் தாராளமான இடமே உருளுவதற்கு வசதியாகப் போய்விட்டது. குடம் தளும்பித் தளும்பி அவன் பேன்ட்டை நனைத்தது. கை தானாக மேலே போய் எதையோ பற்றிக்கொண்டது.

"இன்னாடா ஓட்டற? பின்னாடி கன்டெய்னரா கட்டிக்கீது?" என்று கத்தினான்.

பிலால் வண்டியை ஓரம் கட்டினான். "நீ ஓட்றா மாதிரிதான் நைனா ஓட்னேன். தெனம் உன் பின்னாடி வந்துகினுதான கீறேன், பார்த்ததில்லையா? வா, நீயே ஓட்டு."

எழிலன் இறங்கி விருட்டென்று ஸ்டியரிங்கில் ஏறினான். சங்கமித்ரா பின்னால் போனாள். குடத்தை மறுபடி நிரப்ப அங்கே தண்ணீர் இல்லை, இருந்ததே போதும் என்றாள். அவன் வழக்கம்போல ஓட்டினான். தன் இடத்துக்கு வந்ததும் வண்டி மறுபடி நம்ம வண்டி ஆகிவிட்டது. வெண்ணெய் மாதிரிப் போனது. பள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததே ஒழிய உடம்புக்குத் தெரியவில்லை. 'இப்ப சொல்லு' என்று பிலாலைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பின்னால் எப்படி என்று பார்க்கக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான்.

சங்கமித்ரா இடதுபக்கம் உட்கார்ந்து, கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். விரல்கள் இறுகியிருந்தன. முழங்கை காதோரம் வரை ஏறியிருந்தது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது, பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே பொன்ராஜ் சார். அதே கை, அதே முழங்கை.

"கொஞ்சம் மெதுவாய்யா" என்றாள்.

எழிலனின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாக எழும்பியது. ஆறு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். கெத்து என்று நினைத்திருக்கிறான். அந்த மனுஷன் விழாமல் இருப்பதற்காகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் ஆபீஸில் நெளிந்து உட்கார்ந்ததும், பேனாவைக் கீழே வைத்ததும், முகம் சுருங்கியதும் சீட்டைப் பற்றிய கவலை இல்லை, முதுகுவலி என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. நாளைக்கு இந்த இடத்தில்தான் அம்மாவை உட்கார வைப்பதாக இருந்தான், இதே மாதிரிதான் ஓட்டியிருப்பான், 'பயப்படாதம்மா, நம்ம வண்டி' என்று வேறு சொல்லியிருப்பான்.

பிளாக்குக்குத் திரும்பியபோது குடத்தில் பாதிகூட இல்லை. "மெதுவா ஓட்டினா போச்சு" என்று பிலால் சமாதானம் சொன்னான். "நானும் அத்தான் சொல்றேன்" என்றான் எழிலன்.

"ஓட்டலாம். மொதல்ல ஏத்தணுமே?" என்றாள் சங்கமித்ரா. அவளும் கெங்கம்மாவும் ஒரே உயரம், இரண்டு பேருமே குள்ளம். ஆஸ்பத்திரியில் நடை பழக்கிய பெண், சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, ஆபரேஷன் ஆன காலை நீட்டியபடி பின்னால் உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். சங்கமித்ரா ஒரு காலை விறைப்பாக வைத்துக்கொண்டு வெள்ளை வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். சீட் அவள் நடுமுதுகில் வந்து முட்டியது. முன்கதவிலும் அதே கதைதான். எழிலனும் பிலாலும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

"வுடுங்க, வுடுங்க" என்று கத்தினாள். "அத்தைய மூட்டையா தூக்கிப் போடத்தானா இவ்ளோ பாடுபட்டு ஆபரேஷன் பண்ணாங்க?"

பிறகு தார்ப்பாயை விலக்கினார்கள். சின்ன வண்டியின் முன்சீட்டை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிச் சாய்த்தார்கள். சங்கமித்ரா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட உள்ளே விழுந்தாள் என்று சொல்லலாம். முட்டி நெஞ்சுக்கு நேரே ஏறி நின்றது. டாக்டரம்மா எதைக் கூடாது என்றாரோ அதுவேதான்.

"நான்தான் சொன்னேனே" என்றான் எழிலன். அதைச் சொல்வதில் அவனுக்குச் சந்தோஷமே இல்லை.

சங்கமித்ரா வீட்டுக்குள் போய் ஜமுக்காளத்தை எடுத்துவந்தாள். நாலாக மடித்து சீட்டில் போட்டு, அதன் மேல் கல்லாக இறுகிப்போன இலவம்பஞ்சுத் தலையணையை வைத்தாள். மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவை விழவில்லை. இடுப்பு உயரத்தில் சீட் வந்து வாங்கிக்கொண்டது. விறைத்த காலை எழிலன் கணுக்காலைப் பிடித்து மெல்ல உள்ளே திருப்பி வைத்தான். முட்டி இடுப்புக்குக் கீழே இருந்தது.

அவள் இறங்கியதும் குடத்தை நிரப்பி அங்கே வைத்து, பெல்ட் போட்டு, அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். சின்ன வண்டி சின்ன வண்டிதான், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. கியர் போடும்போது முழங்கை குடத்தில் இடித்தது. பிலால் பின்னால் குறுக்குவாட்டில் மடங்கி உட்கார்ந்து, தன் கால் எது என்று தனக்கே தெரியவில்லை எனப் புலம்பிக்கொண்டு வந்தான். ஆனால் ஒவ்வொரு சின்னப் பள்ளமும் ஸ்டியரிங் வழியாக எழிலனின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. கை சொன்னதும் கால் பிரேக்குக்குப் போனது. பெரிய வண்டி பள்ளத்தை அவனிடமிருந்து மறைத்துப் பின்னால் இருப்பவர் தலையில் கட்டிவிடும். இது ஒன்றையும் மறைக்கவில்லை, பின்சக்கரம் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது தலையணை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம்.

"இன்னா?" என்றாள் சங்கமித்ரா.

"சரி" என்றான். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் வந்த கெங்கம்மா சிவப்பு வண்டியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள்.

"நம்ம வண்டி எங்கடா?"

"இதாம்மா."

"இதுவா? சோப்பு டப்பா. அம்மாம் பேருகிட்ட சொல்லிகீறேன்டா. தோ, எதிர்க்கட்டில் பொம்பள ஜன்னல்ல நின்னு பார்த்துகினு கீறா. மானத்த வாங்கிட்டியே. நான் வரல போ."

எழிலன் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தான். ஒருவர் கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படுவதுதான் அந்த வீட்டுப் பழக்கம். இன்றைக்கு அவனுக்கு வரவில்லை.

"அதுல பின்னாடி குந்தினா தூக்கிப் போடுதும்மா. நேத்துதான் குந்திப் பார்த்தேன். எனுக்கே தெரியாம ஆறு வருஷமா ஒரு மனுஷன தூக்கிப் போட்டுகினே கீறேன்."

கெங்கம்மா ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து மகனைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"பாவம்டா அந்தாளு" என்றாள். பிறகு நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, சொல்லிக்கொடுத்தபடியே முதுகைக் காட்டி நின்று, ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்தாள். ஜன்னலில் நின்ற பெண்ணுக்குக் கையும் காட்டினாள். சங்கமித்ரா காலை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

காசிமேடு தாண்டும்போது டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. எழிலன் ஒன்றைக்கூட முந்தவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, ஒதுங்கிப் போனார்கள். "இன்னாடா, நடந்தே பூட்ருக்கலாம் போல" என்று கெங்கம்மாவும் தன் பங்குக்குத் திட்டினாள். லாரிகள் உழுத இடத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றினான். ஏதாவது ஒரு முனகல் வருமோ என்று காதை அவள் பக்கமே வைத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அப்புறம் மெல்லக் குறட்டைதான் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு, தலை ஒருபக்கம் சாய்ந்து, அவன் தோளில் அவள் தோள் உரசத் தூங்கிக்கொண்டு வந்தாள். பெரிய வண்டியாக இருந்தால் அந்தத் தோள் எட்டியிருக்காது. எழிலனுக்குக் கண் கலங்கியது, துடைக்கக் கையை எடுத்தால் ஸ்டியரிங் ஆடுமே என்று அப்படியே விட்டுவிட்டான்.

பிளாக்குக்குக் கீழே ஊரே நின்றது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கெங்கம்மா நிமிர்ந்ததும் பக்கத்து வீட்டுச் செங்கொடி முதல் ஆளாகக் கேட்டாள்.

"இன்னாக்கா, பெரிய வண்டில வருவன்னு சொன்னாங்க. இந்தச் சின்னதுல வந்துகிற?"

கெங்கம்மா தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்ற வெள்ளை வண்டியை மோவாயால் காட்டினாள்.

"தோ நிக்குது பாரு நம்ம வண்டி. எம்புள்ள குந்து குந்துன்னு கெஞ்சினான். நான்தான் வாணான்னுட்டேன். அதுல இடம் சாஸ்திடி, ஒடம்பு உருளுது. எனுக்குத் தூக்கமே வராது."

அதில் ஒரு நிமிஷம்கூட உட்காராதவள் இதைச் சொல்லிவிட்டு, வாக்கரைத் தட்டித் தட்டி வைத்துக்கொண்டு தரைத்தளத்து வீட்டுக்குள் போனாள். பிலால் எழிலனைப் பார்த்தான். எழிலன் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலையில் திருவொற்றியூரில் பொன்ராஜ் வந்து ஏறினார். இடதுபக்கம் உட்கார்ந்தார். டவலை முதுகுக்குச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார். தூங்கிக்கினே வந்தாங்க."

"பின்சீட்லயா?"

அதே வார்த்தை. கண்ணாடியில் அதே சுருங்கிய முகம். இந்தத் தடவை எழிலனுக்குச் சரியாகக் கேட்டது.

"இல்ல சார். என்னோட சின்ன வண்டில. முன்னாடி குந்த வெச்சேன்."

பொன்ராஜ் பெருமூச்சு விட்டார். "நல்ல வேலை செஞ்ச. அன்னைக்கே சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். வண்டி குடுக்க மனசில்லாமச் சொல்லுதேன்னு நீ நினைச்சிட்டா என்ன செய்யன்னு விட்டுட்டேன்."

எழிலனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே கேட்டான்.

"உங்க முதுகு... நீங்க என்கிட்ட சொல்லிருக்கலாமே சார்?"

"சொன்னேனே, எழிலா. மெதுவான்னு."

லாரிகள் உழுத இடம் தூரத்தில் தெரிந்ததும் பொன்ராஜின் கை பழக்கத்தில் மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. எழிலன் வேகத்தைக் குறைத்தான். முன்சக்கரத்தை இறக்கினான். இன்றைக்கு அத்தோடு போதும் என்று நினைக்கவில்லை, பின்சக்கரம் வரும்வரை காத்திருந்து அதையும் இறக்கினான். அந்தப் பெரிய வண்டி இப்போதும் அவனிடம் எதையும் சொல்லவில்லை. அவன்தான் கேட்டுக் கேட்டு ஓட்டினான். அடுத்த பள்ளம், அதற்கடுத்த பள்ளம் என்று ஊர்ந்தே போனான். பின்னால் ஒரு டிரெய்லர்காரன் ஹாரனிலேயே கையை வைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"இன்னா மாமு, ஊர்கோலமா?"

எழிலன் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். பொன்ராஜின் கை மடியில் இருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார்.